'வாழ்தல்' யாருடைய வினை? குடும்ப வழக்குத் தமிழின் சொல்லாட்சி குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மணவிலக்கு, பிரிந்து வாழ்தல், ஜீவனாம்சம், குழந்தைக் காப்புரிமை ஆகியவை தொடர்பான வழக்குகளில் வழங்கும் தமிழ்ச் சொற்களை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. ஒவ்வொரு சொல்லும் யாரை எழுவாயாக நிறுத்துகிறது, யாரைச் செயப்படுபொருளாக ஆக்குகிறது என்பதே இதன் வினா. 'வாழ்' என்னும் வினை பெண்ணுக்குரியதாக வரும்போது 'கணவனோடு இருத்தல்' என்று பொருள் குறுகுவதையும், அக்குறுகிய பொருளே மனுக்களின் நடையில் நிலைபெற்றிருப்பதையும் கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. சட்ட உதவி என்பது வழக்கறிஞரை அமர்த்தித் தருவதோடு நிறைவுறாது. கையொப்பமிடும் சொல்லின் விளைவை விளங்கவைப்பதும் அதன் பகுதியாதல் வேண்டும் என்பது இதன் முடிபு.

முக்கியச் சொற்கள்: குடும்ப வழக்கு, சட்டத் தமிழ், சேர்ந்து வாழ்தல், ஜீவனாம்சம், மணவிலக்கு, சட்ட உதவி.

1. முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் கட்டுரையாளரின் சித்தி முறையுள்ள உறவினர் ஒருவருக்கு நீதிமன்ற அழைப்பாணை ஒன்று வந்தது. அவர் இரண்டு ஆண்டுகளாகத் தாய்வீட்டில் இருந்தார். ஜீவனாம்சம் கேட்டு மனுச் செய்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. வந்த மனுவைப் படித்துக் காட்டச் சொன்னார். மனைவியைத் தம்முடன் சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று கணவர் அதில் வேண்டியிருந்தார். கேட்டு முடித்தவர், "கூப்பிடுகிறார், பார்த்தாயா" என்றார். அன்று மாலையே தம் துணிமணிகளை எடுத்து வைக்கத் தொடங்கினார். மறுநாள் அவருடைய வழக்கறிஞர் சொன்ன விளக்கம் வேறு. அம்மனு அழைப்பன்று, ஜீவனாம்ச மனுவுக்கு விடையாகப் போடப்பட்டது. போகாவிட்டால் காரணமின்றி வர மறுத்தார் என்பார்கள். உத்தரவு பெற்று ஓராண்டு கழிந்தால் அதையே காட்டி மணவிலக்கும் கேட்கலாம் என்றார் அவர்.

சித்தி அம்மனுவைப் பிழையாகப் படித்தார் என்று கூற இயலாது. தமிழில் அச்சொற்களுக்கு என்ன பொருளோ அப்பொருளிலேயே அவர் கேட்டார். சட்டத்தில் அவற்றுக்கு வேறொரு பயன் இருந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவை அளக்கும் முயற்சியே இக்கட்டுரை.

அறிவியல் தமிழ், ஆட்சித் தமிழ் ஆகிய துறைகளில் கலைச்சொல்லாக்கம் குறித்துத் தமிழாய்வில் நெடிய விவாதம் நிகழ்ந்துள்ளது. அவ்விவாதம் பெரும்பாலும் சொல் தூய்மையானதா, எளிதானதா, சீரானதா என்ற அளவுகோல்களைச் சார்ந்தது. சொல் எவருடைய இடத்திலிருந்து பேசுகிறது என்ற நான்காம் அளவுகோல் குடும்ப வழக்குகளில் இன்றியமையாதது. இக்கட்டுரை முதன்மையாக 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தையும் அதனோடு தொடர்புடைய சட்டங்களையும் தமிழ்நாட்டின் நீதிமன்ற வழக்கில் அவை பெறும் தமிழ் வடிவங்களையும் எல்லையாகக் கொள்கிறது.

2. 'வாழ்' என்னும் வினை

'வாழ்' என்னும் வினைக்கு உயிரோடிருத்தல், செழித்திருத்தல் என்னும் பொதுப்பொருள்கள் உண்டு. ஆயின் பெண்ணை எழுவாயாகக் கொண்டு பேச்சு வழக்கில் இவ்வினை வரும்போது மூன்றாவதொரு பொருள் முன்னிற்கிறது. "அவள் வாழவில்லை" என்றால் இறந்தாள் என்றோ வறியவளானாள் என்றோ யாரும் கொள்வதில்லை. கணவனோடு இல்லை என்றே கொள்வர். 'வாழ்க்கைப்படுதல்' பெண்ணுக்கு மட்டும் உரிய வினை. ஆடவன் எவனும் ஒருத்திக்கு வாழ்க்கைப்படுவதில்லை. கணவன் உயிரோடு உடனிருப்பவள் 'வாழ்வரசி'. அவனைப் பிரிந்திருப்பவள் 'வாழாவெட்டி'. இவ்விரு சொற்களுக்கும் ஆண்பால் இணை இல்லை. மனைவியைப் பிரிந்திருக்கும் ஆடவனுக்குத் தனிப்பெயர் வைக்கத் தேவை இருந்ததாக மொழி கருதவில்லை.

எனவே பெண்ணின் வாழ்தல் கணவன் வீட்டில் நிகழ்வது என்னும் கருத்து, வழக்கு தொடுக்கப்படுவதற்கு முன்பே மொழியில் அமைந்துள்ளது. மனு எழுதுவோர் இக்கருத்தைப் புதிதாகப் படைப்பதில்லை. அதன் மேல் ஏறி நிற்கிறார்கள்.

3. 'சேர்ந்து வாழ': மீட்பின் இலக்கணம்

இந்துத் திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தரும் பரிகாரம் சட்ட நூல்களில் 'தாம்பத்திய உரிமை மீட்பு', 'மணவாழ்வுரிமை மீட்பு' எனப் பலவாறு வழங்கும். மக்கள் வழக்கில் அது 'சேர்ந்து வாழ' மனு. ஆங்கிலத் திருச்சபை நீதிமன்றங்களின் வழி வந்த இப்பரிகாரத்தை 1867இல் பிரிவி கவுன்சில் இந்தியாவில் ஏற்றது. 1884இல் பம்பாயில் ருக்மாபாய் மீது தொடுக்கப்பட்ட வழக்கு இதனை நாடறியச் செய்தது. இளமையிலேயே மணம் செய்விக்கப்பட்ட அவர், கணவரிடம் செல்லுமாறும் இல்லையேல் சிறை செல்லுமாறும் 1887இல் பணிக்கப்பட்டார். இங்கிலாந்து இப்பரிகாரத்தை 1970இல் நீக்கிவிட்டது. இந்தியாவில் அது நிலைத்திருக்கிறது. ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் 1983இல் சரிதா வழக்கில் 9ஆம் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 1984இல் சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவு செல்லும் என்றது.

'மீட்பு' என்ற சொல்லைத் தமிழ் மாணவர் எளிதில் கடந்துவிட இயலாது. அடகு வைத்த நகை மீட்கப்படுகிறது. கவரப்பட்ட ஆநிரை கரந்தையில் மீட்கப்படுகிறது. மீட்பு என்னும் வினைக்கு உடைமையாளர் ஒருவரும் உடைமை ஒன்றும் தேவை. சட்டத்தின் வாசகம் கணவன், மனைவி இருவருக்கும் பொதுவானது. மனைவியும் இம்மனுவைத் தொடுக்கலாம். ஆயின் 'மீட்பு' என்ற பெயர்ச்சொல் தமிழில் உரிமையை மீட்பதா, ஆளை மீட்பதா என்ற ஐயத்தை எழுப்புகிறது. 'சேர்ந்து வாழ' என்னும் மக்கள் வழக்கோ உடைமைப் பொருளை முற்றிலும் மறைத்து இணக்கத்தின் மொழியாக ஒலிக்கிறது. முதற்சொல் கடுமையை வெளிக்காட்டுகிறது. இரண்டாவது சொல் அதை மூடுகிறது. மனுவைப் பெறுபவருக்கு முதற்சொல்லே அதிகம் உதவும்.

இம்மனு பிரிவதற்கும் வழியாகும் என்பது சரோஜ் ராணி வழக்கிலேயே தெளிவாகும். அவ்வழக்கில் சேர்ந்து வாழ வேண்டும் என்று மனுச் செய்தவர் மனைவி. கணவர் அதற்கு இசைந்தார். இசைவின்பேரில் தீர்ப்பாணை பிறந்தது. ஓராண்டு கடந்த பின், சேர்ந்து வாழ்தல் நிகழவில்லை என்று காட்டி, 13ஆம் பிரிவின் (1அ) உட்பிரிவின்படி அதே கணவர் மணவிலக்குக் கோரினார், பெற்றார். மனைவி வேண்டிப் பெற்ற ஆணையே மணவிலக்குக்குப் படியாயிற்று. 'சேர்ந்து வாழ' என்ற தமிழ்த்தொடரில் இவ்விளைவைச் சுட்டும் ஓர் எழுத்தும் இல்லை.

ஜீவனாம்சத்தோடு இம்மனுவுக்குள்ள உறவும் அவ்வாறே. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவும், போதிய காரணமின்றிக் கணவனோடு வாழ மறுக்கும் மனைவிக்குப் பராமரிப்புத் தொகை கிடையாது என்கின்றன. எனவே ஜீவனாம்ச மனுவுக்கு எதிராகச் 'சேர்ந்து வாழ' மனு எழுவது இயல்பாகிறது. சேர்ந்து வாழும் ஆணையை மனைவி நிறைவேற்றவில்லை என்பதொன்றே பராமரிப்பை மறுக்கப் போதாது. அவர் செல்லாமைக்குத் தக்க காரணம் உண்டா என்று பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரீனா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இத்தெளிவு, மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பவருக்கு எந்தச் சொல் வழியாகச் சென்று சேரும் என்பதே வினா.

4. கைவிடுதலும் வெளியேறுதலும்

மணவிலக்குக்குரிய காரணங்களுள் ஒன்று 'கைவிடுதல்'. இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் தொடர்ந்து கைவிட்டிருத்தல் வேண்டும் என்பது சட்டம். இங்குத் தமிழ்ச்சொல் ஒருவகைச் சாய்வு உடையது. கைவிடுபவர் வலியவர், கைவிடப்படுபவர் அவரைச் சார்ந்தவர். அரசின் ஓய்வூதியத் திட்டத்திலும் 'கணவனால் கைவிடப்பட்ட பெண்' என்ற தொடரே வழங்குகிறது. கணவனின் வன்முறை பொறுக்காது தானே முடிவெடுத்து வெளியேறியவள் இத்தொடருக்குள் எவ்வாறு அமைவாள்? உதவி பெறவேண்டுமெனில் தன் முடிவைத் தானே அழித்துச் செயப்பாட்டு வினைக்குள் ஒடுங்க வேண்டும்.

மனுக்களில் இதற்கு நேரெதிரான வாய்பாடு ஒன்று நிலவுகிறது. எதிர்மனுதாரர் சொல்லாமல் கொள்ளாமல் தாய்வீட்டிற்குச் சென்றுவிட்டார் என்பதே அது. இங்கு மட்டும் மனைவி செய்வினையின் எழுவாய் ஆகிறாள். அவள் உதவி கேட்கும்போது செயப்பாட்டு வினை. குற்றம் சாட்டப்படும்போது செய்வினை. இவ்விரு வடிவங்களும் ஒரே நிகழ்வைக் குறித்தே வரக்கூடும்.

சட்டம் இவ்வளவு எளிமையாக நடப்பதில்லை. கைவிடுதலுக்குப் பிரிந்திருத்தல் என்ற நிகழ்வும், மணவாழ்வை முடித்துக்கொள்ளும் கருத்தும் இணைந்திருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டிலேயே விபின்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒருவர் தம் நடத்தையால் மற்றவரை வெளியேறச் செய்தால், வெளியேறச் செய்தவரே கைவிட்டவர் என்பதும் ஏற்கப்பட்ட கொள்கை. அதாவது வாசற்படியைத் தாண்டியவர் யார் என்பது மட்டும் விடையாகாது. தாண்டச் செய்தவர் யார் என்பதும் கேட்கப்படும். 'வெளியேற்றிய' என்னும் பிறவினை தமிழில் உண்டு. மனுவில் 'வெளியேறிய' என்னும் தன்வினை எழுதப்பட்டுவிட்டால், இடையிலுள்ள ஒற்றெழுத்தின் அளவில் வழக்கின் திசை மாறிவிடும்.

'கொடுமை' என்ற சொல்லிலும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. தமிழில் கொடுமை என்பது மிகுதியைச் சுட்டும் சொல். அடி, சூடு, பட்டினி ஆகியவற்றையே அது முதலில் நினைவூட்டும். கணவர் கொடுமை செய்தாரா என்று கேட்டால், "அடித்ததில்லை" என்று மறுமொழி சொல்லும் பெண்கள் பலர். ஆனால் மனத்துயர் விளைவிக்கும் நடத்தையும் கொடுமையே என்று 1993இல் வி. பகத் வழக்கிலும், 2007இல் சமர் கோஷ் வழக்கில் எடுத்துக்காட்டுகளின் பட்டியலோடும் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. சட்டம் விரித்த பொருளைத் தமிழ்ச்சொல் இன்னும் விரிக்கவில்லை. தன் துன்பம் அச்சொல்லின் அளவுக்குப் போதாது என்று கருதுபவர் அதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்.

5. பங்கா, படியா, பராமரிப்பா?

'ஜீவனாம்சம்' என்னும் வடசொல் ஜீவனம், அம்சம் என்னும் இரு கூறுகளால் ஆனது. பிழைப்புக்கான பங்கு என்பது அதன் பொருள். பங்கு என்பது உரிமையின் மொழி. கூட்டுக்குடும்பச் சொத்திலிருந்து பெண்ணின் உணவுக்கும் உடைக்கும் பிரியவேண்டிய கூறு என்னும் பழைய கருத்து அதில் தங்கியுள்ளது. இதற்கு ஈடாக இன்று எழுதப்படும் சொற்களை நோக்குக. 'பராமரிப்புத் தொகை' என்பதில் பராமரிப்பவர் எழுவாய். கட்டடமும் தோட்டமும் பராமரிக்கப்படுவதுபோல் பெண்ணும் பராமரிக்கப்படுகிறாள். 'வாழ்க்கைப்படி' என்பதில் பயணப்படி, பஞ்சப்படிகளின் சாயல் உண்டு. 'பொருளுதவி' என்பதோ உரிமையை நன்கொடையாக்கிவிடுகிறது.

தனித்தமிழாக்கத்தின் தேவையை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆயினும் வடசொல் நீங்கியபோது அதனுள் இருந்த பங்கு என்ற கருத்தும் உடன் நீங்கியது என்பதைக் குறித்தல் வேண்டும். 'வாழ்வுப்பங்கு' என்றொரு சொல் தமிழில் அமையத் தடை ஏதுமில்லை.

சி. சு. செல்லப்பாவின் 'ஜீவனாம்சம்' (1962) என்னும் நாவல் இங்கு நினைக்கத்தக்கது. இளம் விதவையான சாவித்திரி பிறந்தகத்தில் இருந்துகொண்டு புக்ககத்தாரோடு நிகழும் ஜீவனாம்ச வழக்கின் நடுவே தன் நினைவுகளில் சஞ்சரிப்பதே அந்நாவலின் அடிப்படை. நனவோடை உத்திக்காகவே அது பெரிதும் பேசப்பட்டுள்ளது. வழக்குத் தமிழை ஆராய்பவருக்கு வேறொன்று புலப்படும். வழக்கு அவள் பெயரால் நடைபெறுகிறது. அவள் மனமோ வழக்கின் சொற்களுக்கு வெளியே இயங்குகிறது. தலைப்பாக அமைந்த சட்டச்சொல்லை ஜீவனத்தின் அம்சம் என்று பிரித்துப் படிக்கும்போது, தனக்குரிய வாழ்வின் பங்கு எங்கே உள்ளது என்ற அவளது வினாவாக அது மாறுகிறது. நீதிமன்றத்தில் தொகையாக மட்டும் எஞ்சிய சொல்லுக்கு நாவல் அதன் பழைய எடையை மீட்டளிக்கிறது எனலாம்.

இன்றைய சட்டமும் அவ்வெடையை நோக்கி நகர்ந்துள்ளது. 2020இல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பினரும் சொத்து, வருமானம், கடன் ஆகியவற்றை உறுதிமொழி ஆவணமாகத் தாக்கல் செய்யவேண்டும் என்றும், பராமரிப்புத் தொகை மனுச் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படவேண்டும் என்றும் வழிவகுத்தது. கணக்கைக் கேட்பதும் நாளைக் கணக்கிடுவதும் உதவி பெறுபவருக்கு உரியவை அல்ல, பங்குடையவருக்கு உரியவை.

6. ரத்து, விலக்கு, முறிவு

மணவாழ்வு சட்டப்படி முடிவதைக் குறிக்கத் தமிழில் மூன்று சொற்கள் போட்டியிடுகின்றன. 'விவாகரத்து' என்பதில் வடமொழி விவாகத்தோடு அரபு, உருது வழிவந்த ரத்து இணைந்துள்ளது. உரிமம் ரத்து, தொடர்வண்டி ரத்து என்பவற்றின் வரிசையில் திருமணமும் அதிகாரி ஒருவரால் ரத்தாகிறது. 'மணவிலக்கு' பிறவினைப் பகுதியிலிருந்து பிறந்தது. விலகு என்பது தன்வினை, விலக்கு என்பது பிறவினை. ஆகவே ஒருவர் மற்றவரை விலக்குகிறார் என்ற குறிப்பு அதில் உண்டு. 'தள்ளி வைத்தல்' என்னும் பேச்சுவழக்கும் தமிழ் விவிலியத்தின் 'தள்ளுதற்சீட்டு' என்னும் சொல்லும் அக்குறிப்பை வெளிப்படையாக்குகின்றன, தள்ளுபவர் கணவர். 'மணமுறிவு' தன்வினை வழிப்பட்டது. முறித்தவர் யாரெனக் கூறாது. குற்றம் சாட்டவேண்டிய வழக்கில் அது பொருந்தாமல் போகலாம். ஆனால் 1976இல் சேர்க்கப்பட்ட 13ஆ பிரிவின்படி இருவரும் இசைந்து கேட்கும் முடிவுக்கு அதுவே பொருத்தமான பெயர்.

இம்மூன்றுக்கும் முன்பே தமிழ்ச் சமூகங்கள் சில வழங்கிய சொற்கள் இருந்தன. 'அறுத்துக் கட்டுதல்', 'தீர்த்துவிடுதல்' என்பன அவை. கள்ளர் சமூகத்தில் துரும்பு கொடுத்தல் என்பது மணவிலக்கைக் குறித்ததை எட்கர் தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுதிகள் பதிவு செய்துள்ளன. "அவள் அறுத்துக் கட்டிக்கொண்டாள்" என்னும் தொடரில் பெண்ணே எழுவாய். முடிவும் தொடக்கமும் ஒரே வினைத்தொடரில் அடங்கியுள்ளன. அச்சொல்லையே 'அறுத்துக் கட்டும் சாதி' என இழிவுக் குறியாகவும் மேல்தட்டினர் வழங்கினர். சட்டத் தமிழ் அச்சொற்களைத் தொடாமல் விட்டதற்கு இவ்விழிவும் ஒரு காரணமாகலாம்.

மணவிலக்குக் கோரிக்கை தமிழ்நாட்டுக்கு 1955இல் திடீரென வந்ததன்று. 1929ஆம் ஆண்டுச் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை வேண்டும் என்றது. 1949இல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்கை அனுமதிக்கும் சட்டத்தை இயற்றியது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு சமூக வழக்காற்றின்படியான மணவிலக்கையும் காத்துள்ளது.

அக்காப்பை நம்பி ஏமாறுவதும் நிகழ்கிறது. முத்திரைத்தாளில் 'விடுதலைப் பத்திரம்' எழுதிப் பெரியவர்கள் முன்னிலையில் கையொப்பமிட்டால் திருமணம் முடிந்தது என்று பலர் கருதுகின்றனர். அத்தகைய வழக்காறு தம் சமூகத்தில் உண்டு என்பதைத் தெளிவாக எடுத்துரைத்து மெய்ப்பித்தாலன்றி அப்பத்திரம் மணவிலக்காகாது என்று 2002இல் யமனாஜி ஜாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தவர் இருதார மணக் குற்றத்துக்கு உள்ளாகலாம். 'விடுதலை' என்ற சொல் அங்கே எழுதப்பட்டிருப்பதால் மட்டும் விடுதலை கிட்டிவிடாது.

'பிரிந்து வாழ்தல்' என்பதற்கும் இதே கவனம் தேவை. இசைந்து கேட்கும் மணமுறிவுக்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருத்தல் வேண்டும். தமிழில் அது தனி வீட்டைக் குறிக்கும். 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரே கூரையின்கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாமல் இருக்கக்கூடும் என்று விளக்கியது. வேறு வீடு பார்க்க வசதியில்லாமல் ஒரே வீட்டின் இரு அறைகளில் ஆண்டுக்கணக்கில் இருப்பவர்களுக்கு இவ்விளக்கம் பெரிது.

7. 'தந்தைக்குப் பின்'

ஒரு சிறு சொல்லின் பொருளே வழக்கின் மையமாக நின்றதற்குக் கீதா ஹரிஹரன் வழக்கு (1999) சான்று. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, குழந்தையின் இயற்கைக் காப்பாளர் தந்தை என்றும் அவருக்குப் பின் தாய் என்றும் கூறுகிறது. 'பின்' என்பது தந்தையின் இறப்புக்குப் பின் என்று பொருள்பட்டால், தந்தை உயிரோடிருக்கும்வரை தாய் காப்பாளர் ஆகமுடியாது. அச்சொல் 'இல்லாத நிலையில்' என்றும் பொருள்படும். தந்தை பொறுப்பேற்காத நிலையும் அதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கித் தாயின் உரிமையைக் காத்தது.

ஆங்கிலச் சொல்லில் அவ்விளக்கத்துக்கு இடம் இருந்தது. தமிழில் "அப்பாவுக்குப் பின்" என்றால் அவர் காலத்துக்குப் பின் என்றே எவரும் கொள்வர். சட்டத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், நீதிமன்றம் திறந்த கதவைத் தமிழ் மூடிவிடும். மொழிபெயர்ப்பாளர் 'தந்தை இல்லாத அல்லது பொறுப்பேற்காத நிலையில்' என்று தீர்ப்பின் பொருளை ஏற்று எழுதவேண்டும். மூலத்துக்கு உண்மையாயிருத்தல் என்பது இங்கே தீர்ப்பு வரலாற்றுக்கு உண்மையாயிருத்தலே ஆகும்.

8. சாரம் என்னும் சல்லடை

இதுவரை கூறியவை சொற்களின் நிலை. இச்சொற்கள் வழக்காடுபவரின் வாய்மொழியை எவ்வாறு மாற்றுகின்றன என்பது அடுத்த வினா. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வழக்கறிஞர் வழியாக வாதாடுவதைத் தரப்பினரின் உரிமையாக வைக்கவில்லை. நீதிமன்றம் வேண்டுமெனில் சட்ட வல்லுநரின் துணையைப் பெறலாம் என்கிறது. தரப்பினர் தம் சொற்களில் தாமே பேசவேண்டும் என்ற எண்ணம் இதன் அடியில் உள்ளது. ஆனால் 15ஆம் பிரிவு, சாட்சியத்தை முழுமையாகப் பதியத் தேவையில்லை, அதன் சாரத்தைப் பதிந்தால் போதும் என்கிறது. பேச்சு அவருடையது, சாரம் மற்றொருவருடையது. "எனக்கு அங்கே மூச்சு முட்டியது" என்று ஒருவர் சொன்னால், சாரத்தில் அது கருத்து வேறுபாடு என்று பதிவாகக்கூடும்.

தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமளிக்கும் பிரிவுகள் 1976இல் சேர்ந்தன. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும்போது ஆங்கிலம் வேண்டும். ஆக, வாய்மொழியிலிருந்து மனுத்தமிழுக்கும், அதிலிருந்து சாரத்துக்கும், அதிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஒருவரது துன்பம் மும்முறை பெயர்க்கப்படுகிறது.

இந்நீதிமன்றத்தின் தமிழ்ப்பெயரும் கவனத்துக்குரியது. சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் குடும்பமும் நீதிமன்றமும் மட்டுமே உள்ளன. தமிழ்நாட்டில் அது 'குடும்ப நல நீதிமன்றம்' என்று வழங்குகிறது. இடையில் சேர்ந்த 'நல' என்ற சொல், இணக்கம் காண முயலுமாறு 9ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு விதித்த கடமையின் எதிரொலியாகலாம். ஆனால் குடும்பத்தின் நலமும் அக்குடும்பத்திலுள்ள ஒருவரது நலமும் முரண்படும்போது பெயர்ப்பலகை யார் பக்கம் நிற்கிறது? பிரிந்து செல்லும் உரிமையைக் கேட்டு வருபவர், குடும்ப நலத்துக்கு எதிரானவராகவே வாசலில் நுழைய நேர்கிறது.

9. சட்ட உதவியும் சொல் உதவியும்

1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையோர். மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் இதற்கான அலுவலகங்கள் உள்ளன. 15100 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. ஆனால் அவ்வலுவலகத்தின் பெயர் 'சட்டப்பணிகள் ஆணைக்குழு'. அங்கே தமக்கொரு வழக்கறிஞர் கிடைப்பார் என்பதை இப்பெயர்ப்பலகையிலிருந்து அறிய இயலாது. 'இலவசம்' என்ற சொல்லோ, அரசமைப்பின் 39அ கூறு வகுத்த கடமையைக் கொடையாகத் தோன்றச் செய்கிறது.

இங்கு இரு மறுப்புகள் எழலாம். முதலாவது, சட்டச்சொல்லுக்கு வரையறுத்த பொருளே பொருள். பேச்சுவழக்கின் சாயல் அதனைப் பாதிக்காது என்பது. நீதிபதிக்கும் வழக்கறிஞருக்கும் இது உண்மை. கையொப்பமிடுபவருக்கு வரையறை தெரியாது; சாயல் மட்டுமே தெரியும். கையெழுத்தறியாதவருக்கு ஆவணத்தைப் படித்துக் காட்டி, அவர் சரியென ஒப்புக்கொண்டார் என்று சான்று எழுதும் வழக்கம் உள்ளது. படித்துக் காட்டுவது வேறு, விளங்கவைப்பது வேறு என்பதற்கு முன்னுரையில் கண்ட நிகழ்வே சான்று.

இரண்டாவது, சொல்லை மாற்றினால் அநீதி மாறிவிடுமா என்பது. மாறாது. கணவனின் வருமானம் மறைக்கப்படுவதையோ வாய்தாக்கள் நீள்வதையோ எந்தக் கலைச்சொல்லும் தடுக்காது. ஆனால் தன் மனு எங்கே கொண்டுபோய்விடும் என்று அறியாமல் கையொப்பமிடுவதைச் சொல்லால் தடுக்கலாம். அவ்வளவே இக்கட்டுரை கோருவது.

அதற்கு மூன்று பணிகள் உண்டு. ஒவ்வொரு மனுவின் முகப்பிலும், இம்மனுவால் நேரக்கூடிய விளைவு இது என்று ஓரிரு எளிய வாக்கியங்கள் இடம்பெறலாம். சட்ட உதவி பெறுவோர் தம் சொற்களில் கூறியதை முதலில் அவ்வாறே எழுதி, அதன் பின்னரே மனுத்தமிழாக்கும் முறையைச் சட்டத் தன்னார்வலர்களுக்குப் பயிற்றுவிக்கலாம். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் குடும்ப வழக்குச் சொற்களுக்கு, வரையறையோடு தீர்ப்புகள் தந்த விரிவையும் சேர்த்த அகராதி ஒன்றைத் தொகுக்கலாம். மூன்றாவது பணி நம்முடையது.

10. முடிவுரை

குடும்ப வழக்குத் தமிழில் பெண் வாழ்பவளாக வரும் இடங்கள் குறைவு. மீட்கப்படுபவளாகவும் கைவிடப்படுபவளாகவும் பராமரிக்கப்படுபவளாகவும் விலக்கப்படுபவளாகவும் வரும் இடங்களே மிகுதி. சட்டமோ, மேற்காட்டிய தீர்ப்புகளின் வழி, அவளைப் பங்குடையவளாகவும் முடிவெடுப்பவளாகவும் காணத் தொடங்கியுள்ளது. தமிழ் அவ்விடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதனைக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளரோடும் வழக்கறிஞரோடும் தமிழாய்வாளருக்கும் உரியது.

முன்னுரையில் குறித்த சித்தி, எடுத்து வைத்த துணிகளை மறுநாள் மீண்டும் பெட்டியிலிருந்து வெளியே வைத்தார். எதிர்மனுவில் என்ன எழுதவேண்டும் என்று வழக்கறிஞர் கேட்டபோது அவர் சொன்னது ஒன்றே: "நான் இங்கேதான் வாழ்கிறேன் என்று எழுதுங்கள்."